‘அந்த நாள்’: கரண்ட் போன இடத்திலிருந்து சில கேள்விகள்

வருஷத்துக்கு ஒரு முறையாவது எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ‘அந்த நாள்’ படம் ஓடும். வீடு பாளையங்கோட்டையில். குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களில் மேற்கேயிருந்து வரும் காற்றுக்குத் திரைத்துணி படபடவென்று அடிக்கும். நாலு மூலையிலும் செங்கல் கட்டித் தொங்கவிடுவேன். பார்க்க வருகிறவர்கள் சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள், அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு வரும் பிள்ளைகள். ஆள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்ததுதான் இது.

எந்த ‘அந்த நாள்’? கே. பாலசந்தர் எடுத்ததா?

முதல் கேள்வி எப்போதும் இதுதான். அவர் இல்லை. இவர் எஸ். பாலசந்தர், வீணை பாலசந்தர். கே. பாலசந்தர் முதல் படத்தை இயக்கியது 1965இல். ‘அந்த நாள்’ வெளிவந்ததோ 1954 ஏப்ரல் 13, தமிழ்ப் புத்தாண்டை ஒட்டி. தயாரிப்பு ஏவி.எம். திரைக்கதை, வசனம் ஜாவர் சீதாராமன். துப்பறியும் அதிகாரி சிவானந்தமாக நடித்ததும் அவரே. ‘பட்டணத்தில் பூதம்’ படத்தில் ஜாடிக்குள்ளிருந்து வருவாரே, அதே மனிதர்தான். இதைச் சொன்னதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஒளிப்பதிவு மாருதி ராவ். செத்துக் கிடக்கும் ரேடியோ என்ஜினியர் ராஜன், சிவாஜி கணேசன். மனைவி உஷா, பண்டரிபாய். மொத்தம் இரண்டே கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

கொன்றது யார் என்று இங்கே சொல்லிவிடுவீர்களா?

மாட்டேன். படம் வந்து எழுபது வருஷம் ஆகிவிட்டது, இனி என்ன ரகசியம் என்று கேட்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்த ரகசியம் பதினைந்து வருஷத்துக்கு மேல் தெரியாமல் இருந்தது. அந்தச் சுகத்தை மற்றவரிடமிருந்து பிடுங்க மனசு வராது.

பதினைந்து வருஷமா? அப்படி என்ன நடந்தது?

சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கன்னடியன் கால்வாய்த் தண்ணீரில் விளையும் ஊர். டிவி வந்த புதிதில் ஏணி மாதிரி ஆண்டெனா நட்டு இலங்கை ரூபவாஹினியைப் பிடித்துக்கொண்டிருந்தோம். கொடைக்கானல் கோபுரம் வந்த பிறகுதான் நம்மூர்த் தூர்தர்ஷன் ஒழுங்காகத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தமிழ்ப் படம். தெருவில் டிவி இருந்தது ஒரு வீட்டில்தான், தார்சாவில் வைத்திருப்பார்கள். பிள்ளைகள் தரையில், பெரியவர்கள் திண்ணையிலிருந்தே எட்டிப் பார்ப்பார்கள். அன்றைக்கு ‘அந்த நாள்’. பாட்டே வரவில்லை என்று முனகிக்கொண்டிருந்த கூட்டம், பாதிக்கு மேல் பேச்சை நிறுத்திவிட்டது. ஒவ்வொருவராக விசாரித்து, முடிச்சு அவிழப் போகிறது என்ற இடத்தில் கரண்ட் போனது.

அரிக்கேன் விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கரண்ட் வந்தபோது செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

விஷயம் அதோடு முடிந்திருந்தால் மறந்திருப்பேன். மறுநாள், முடிவு தெரிந்தவர் யாராவது உண்டா என்று நான் ஊரெல்லாம் விசாரித்தேன். தெரியாதவர் ஒருவர்கூட இல்லை! எல்லாரும் அந்தக் காலத்திலேயே கொட்டகையில் பார்த்தவர்கள்.

பெரியப்பா சொன்னார்: “தம்பிக்காரந்தாம்லே சுட்டான். சொத்தைப் பிரிச்சுக் குடுக்கலன்னா சும்மா இருப்பானா?” அந்தச் சமயம் பெரியப்பாவுக்கும் எங்கள் அப்பாவுக்கும் களத்துமேட்டுப் பங்கில் பேச்சுவார்த்தை இல்லை. அப்பா தம்பி. ஆச்சியிடம் கேட்டேன். “அந்தச் சின்ன மருமவ இருக்காள்லா, அவ முழியே சரியில்ல” என்றாள். அடுப்படியில் எங்கள் சித்தி பாத்திரத்தை ‘ணங்’கென்று வைத்த சத்தம் கேட்டது. ரிட்டயரான வாத்தியார் ஒருவர், பக்கத்து வீட்டுக்காரர்தான் என்று அடித்துச் சொன்னார். அவருக்கும் அவருடைய பக்கத்து வீட்டுக்காரருக்கும் சாக்கடைத் தண்ணீர் விஷயமாகப் பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்தது. தையல்காரர் ‘அந்த ஆட்டக்காரி’ என்றார். பாளையங்கோட்டைக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அக்கா ஒருத்தி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலேயே, “பொண்டாட்டிதான். வேற யாரு?” என்றாள். சித்தப்பா மட்டும் போலீஸ்காரர்தான் சுட்டார் என்றார். எப்படி என்று கேட்டதற்கு, “எல்லாத்தையும் விசாரிக்கிறான், அவன யாரு விசாரிச்சா?” என்றார். இன்றுவரை அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பிறகு எப்போதுதான் முழுசாகப் பார்த்தீர்கள்?

வேலைக்குப் போன பிறகு, ஜங்ஷன் பக்கத்தில் நடைபாதைக் கடை ஒன்றில் குறுந்தட்டு கிடைத்தது. தனியாகப் பார்த்தேன். அதற்குப் பிறகு பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன்.

உண்மையிலேயே ஒரு பாட்டுகூட இல்லையா?

ஒன்றும் இல்லை. பாட்டு, நடனம், சண்டை எதுவுமே இல்லாமல் வந்த முதல் தமிழ்ப் படம் என்ற பெயர் இதற்குத்தான். ஒரு படத்தில் இருபது முப்பது பாட்டு இருந்த காலத்தைத் தாண்டி அப்போதுதான் தமிழ் சினிமா கொஞ்சம் மூச்சு வாங்கியிருந்தது. அப்போதும் பாட்டுக்காகத்தான் டிக்கெட் வாங்கினார்கள். பின்னணி இசை உண்டு, ஏவி.எம்மின் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வாத்தியக் குழு வாசித்தது. அதையும் ஒரு கைப்பிடி அளவுதான் போட்டிருக்கிறார்கள்.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை என்னவென்றால், இதைச் செய்தவர் பாட்டு வராத ஆள் இல்லை. பிற்காலத்தில் உலகம் சுற்றி வீணை வாசித்து, 1982இல் பத்மபூஷண் வாங்கியவர். சங்கீதம் தெரியாதவன் பாட்டை விட்டால் அது வேறு. கையில் அவ்வளவு இருந்தும், இந்தக் கதைக்கு வேண்டாம் என்று மூடி வைத்தார் பாருங்கள், அதற்குத் தைரியம் வேண்டும். ஏவி.எம். முதலாளி மெய்யப்பச் செட்டியாரும் லேசில் சம்மதிக்கிற ஆள் இல்லை. சம்மதித்திருக்கிறார்.

ஓடியதா என்றால், முதல் ஓட்டத்தில் நினைத்தபடி ஓடவில்லை. பத்திரிகைகள் பாராட்டின, ஜனங்கள் பாட்டு எங்கே என்றார்கள். தேசிய விருதுகளில் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. தமிழுக்கான வெள்ளிப் பதக்கம் அந்த முறை ‘மலைக்கள்ளன்’ படத்துக்குப் போனது. மறுபடி வெளியிட்டபோது கூட்டம் வந்தது. இந்த ஊரிலும் முதலில் பார்க்காதவர்கள் இரண்டாம் தடவைதான் பார்த்திருக்க வேண்டும். பெரியப்பா மாதிரி ஆட்கள் எந்தத் தடவையும் பார்க்கவில்லை என்பது என் சந்தேகம்.

ஜப்பான் படத்தின் காப்பி என்கிறார்களே?

விதை அங்கிருந்து வந்ததுதான். அகிரா குரோசாவாவின் ‘ராஷோமோன்’ 1950இல் வந்தது, மறுவருஷம் வெனிஸில் தங்கச் சிங்கம் வாங்கியது. பாலசந்தர் அதை ஒரு திரைப்பட விழாவில் பார்த்துவிட்டு, அந்தப் பாணியில் முதலில் ஒரு நாடகம் எழுதினார். வானொலிக்கு. அவர்கள் வேண்டாம் என்று திருப்பிவிட்டார்கள். அப்புறம்தான் கதை ஏவி.எம்முக்குப் போனது. கதாநாயகனின் தொழில் ரேடியோ என்பதை இத்துடன் சேர்த்துப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

ஆனால் இரண்டையும் அடுத்தடுத்த நாள் பார்த்தவர்கள் காப்பி என்று சொல்ல மாட்டார்கள். ‘ராஷோமோன்’ படத்தில் காட்டுக்குள் ஒரு சாமுராய் செத்துக் கிடக்கிறான். கொள்ளைக்காரன் ‘நான்தான் கொன்றேன்’ என்கிறான். மனைவி தன் கையால் நடந்த மாதிரி சொல்கிறாள். செத்தவனின் ஆவி வந்து ‘நானே குத்திக்கொண்டேன்’ என்கிறது. மூன்று பேரும் கொலையைத் தன் பக்கம் இழுக்கிறார்கள். வீரன், மானஸ்தன் என்ற பெயர் போய்விடக் கூடாதே!

‘அந்த நாள்’ இதற்கு நேர் எதிர். இங்கே ஒருவர் வாயிலிருந்தும் ‘நான்’ வராது, ‘அவன்தான்’, ‘அவள்தான்’. பக்கத்து வீட்டுச் சின்னையா பிள்ளை விரலை நீட்டுவது ராஜனின் தம்பி பட்டாபியிடம். பட்டாபி காட்டுவது தன் மனைவி ஹேமாவை. கட்டின பெண்டாட்டியை! ஹேமா காட்டுவது ஆட்டக்காரி அம்புஜத்தை. விரல் அதற்கப்புறமும் நிற்காது, எங்கே போகிறது என்று படத்தில் பாருங்கள். ஜப்பான் காட்டில் நடந்ததை நம்ம தெருவுக்குக் கொண்டுவந்தால் இப்படித்தான் மாறும். எங்கள் ஊரில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் நான் பார்த்ததும் இதைத்தான்.

இன்னொன்று. குரோசாவா கடைசியில் உண்மை எது என்று கையில் கொடுக்க மாட்டார். ஏவி.எம். கொடுத்துவிடும். அது குறை என்று சொல்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. பதினைந்து வருஷம் காத்திருந்தவனிடம் அதைச் சொல்லாதீர்கள்.

மெட்ராஸில் ஜப்பான்காரன் குண்டு போட்டது நிஜமா, கதைக்காகச் சேர்த்ததா?

நிஜம். படம் தொடங்குவது 1943 அக்டோபர் 11. அன்று இரவு ஜப்பான் விமானம் சென்னை மேல் குண்டு போட்டது. சேதம் பெரிதில்லை, யுத்தகாலத் தணிக்கையில் செய்தியும் அமுங்கிப்போனது. ‘எம்டன்’ கப்பல் 1914இல் சென்னையைச் சுட்டது தமிழில் ஒரு வார்த்தையாகவே நின்றுவிட்டது. இன்றும் ‘அவன் பெரிய எம்டன்’ என்கிறோம். பாவம், 1943க்கு அந்த யோகம் இல்லை. இந்தப் படம்தான் அதை ஞாபகம் வைத்திருக்கிறது.

குண்டைவிட முந்தைய வருஷத்துப் பயம்தான் பெரியது. 1942 ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு விழுந்ததும் சென்னையே காலியானது. வீட்டைப் பூட்டிக்கொண்டு ரயிலேறினார்கள். மிருகக்காட்சி சாலையில் சிங்கம் புலி தப்பித்து ஊருக்குள் வந்துவிடும் என்று அவற்றைச் சுட்டுக்கொன்றார்கள். திருநெல்வேலிச் சீமையில் அப்படி வந்து இறங்கிய குடும்பங்கள் நிறைய. எங்கள் ஆச்சியும் அதில் ஒருத்தி. கைக்குழந்தை, ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு வெண்கலப் பானை. பானையை ஏன் தூக்கி வந்தாய் என்று கேட்டால், “ஜப்பான்காரன் திருடிட்டான்னா?” என்பாள். திண்ணையில் உட்கார்ந்து படம் பார்த்தபோது, ஆரம்பத்தில் குண்டுச் சத்தம் வந்ததும் அவள் மட்டும் கதை கேட்கிற முகத்தோடு இல்லை. அப்போது எனக்கு அது தெரியவில்லை.

ஜப்பான்காரன் போட்ட குண்டைச் சொல்ல, யுத்தம் முடிந்து பத்து வருஷம்கூட ஆகாத நிலையில், ஜப்பான்காரனிடமே கதை சொல்லும் முறையைக் கடன் வாங்கியிருக்கிறார் பாலசந்தர். இந்த யுத்தம் வெறும் திரைச்சீலை இல்லை என்பதையும் சொல்லி வைக்கிறேன். ராஜன் யார், என்ன செய்தான் என்பது அதில்தான் இருக்கிறது. அவன் நல்லவன் இல்லை. அதற்கு மேல் கேட்காதீர்கள்.

சிவாஜி ஆரம்பத்திலேயே செத்துப்போனால் அப்புறம் என்ன பார்க்க?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் சிவாஜி ரசிகர்கள், கொஞ்சம் கோபமாகவே கேட்பார்கள். அதே 1954 மார்ச்சில்தான் ‘மனோகரா’ வந்தது. சங்கிலியால் கட்டிக் கர்ஜிக்கும் சிவாஜி. ஒரு மாத இடைவெளியில் அதே ஆள் இங்கே கோட்டு போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, சிகரெட் புகைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பேசுகிறார். இந்த வேஷத்துக்கு முதலில் வேறு நடிகர்களைப் போட்டுப் பார்த்து, சரிவராமல்தான் அவரிடம் வந்திருக்கிறார்கள். நல்ல வேளை.

அவர் செய்திருக்கும் காரியம் இரண்டாம் தடவைதான் பிடிபடும். நாம் பார்ப்பது ராஜனை இல்லை. ஒவ்வொருவர் வாயிலிருந்தும் வருகிற ராஜனை. தம்பி சொல்லும் ராஜன் கல்நெஞ்சன். அம்புஜத்தின் ராஜன் பசப்புகிறவன். மனைவிக்கு அவன் வேறு மாதிரி. ஒரே சட்டை, ஒரே மீசை, ஆனால் சொல்கிறவர் மாற மாற கண் மாறுகிறது. ‘மனோகரா’வைப் பார்த்துக் கைதட்டலாம், யாருக்கும் தெரியும் அது நடிப்பு என்று. இது நடிப்பு என்று தெரிய எனக்கு நாலு தடவை ஆயிற்று.

ஏற்கெனவே பார்த்தாயிற்று, முடிவு தெரியும். மறுபடி ஏன் பார்க்க வேண்டும்?

முதல் தடவை எல்லாரும் செத்தவனையும் சுட்டவரையும்தான் பார்ப்போம். முடிவு தெரிந்தபின் அந்த வேலை இல்லை. கண் தானாகச் சாட்சிகள் பக்கம் போய்விடும். சொல்லும்போது எங்கே நிறுத்துகிறார்கள், தன் பங்குத் தப்பை எந்த வாக்கியத்தில் செருகி ஒளிக்கிறார்கள் என்று பாருங்கள். முக்கால்வாசி உண்மைதான் சொல்கிறார்கள். அதுதான் வினை.

இருபதுகளில் எனக்குச் சிவானந்தம்தான் கதாநாயகன். எவ்வளவு கெட்டிக்காரர் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பதில் பட்டாபியை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. அப்பா காலமான பிறகு களத்துமேட்டுப் பங்கு என் தலையில் விழுந்திருந்த நேரம் அது. அண்ணனிடம் தன் பங்கைக் கேட்டு நிற்கும் தம்பியின் தோள் இருக்கிறதே, கேட்கவும் வெட்கம், விடவும் முடியாது. அது டி. கே. பாலச்சந்திரன் என்ற நடிகருடைய தோள் இல்லை, எங்கள் அப்பாவுடையது. ஆச்சியோ, பெரியப்பாவோ, வாத்தியாரோ அன்று பொய் சொல்லவில்லை என்று எனக்குப் பட்டது அப்போதுதான். பார்க்காத படத்தில் தனக்குத் தெரிந்த கொலையைச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது பார்த்தால் உறுத்துகிற இடம் உண்டா?

உண்டு. ஹேமா என்றால் சிடுசிடுப்பு, அம்புஜம் என்றால் தப்பான பெண். அவர்களுக்கு அதற்கு மேல் இடம் கொடுக்கவில்லை. மேனகாவும் சூர்யகலாவும் நன்றாகவே செய்திருக்கிறார்கள், எழுத்தில்தான் குறை. பி. டி. சம்பந்தத்தின் சின்னையா பிள்ளை சிரிக்க வைக்கிறார், சில இடங்களில் தேவைக்கு மேலேயே. தேசபக்தி வசனங்களில் மேடை வாடை அடிக்கும். 1954இல் அது இல்லாமல் இருந்தால்தான் அதிசயம்.

பண்டரிபாய்க்கு மட்டும் இந்தக் குறை பொருந்தாது. ‘பராசக்தி’யிலும் சிவாஜியோடு நடித்தவர், பிற்பாடு அவரையே அம்மா வேஷத்தில் அடைத்துவிட்டார்கள். உஷாவைப் பார்த்தால் நாம் எதை இழந்தோம் என்று தெரியும்.

பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

பத்து வயசுக்கு மேல் தாராளமாக. ரத்தம் இல்லை. ‘எப்போ பாட்டு வரும்?’ என்று முதல் கால் மணி நேரம் கேட்பார்கள், அப்புறம் கேட்க மாட்டார்கள்.

எப்படிப் பார்ப்பது நல்லது?

இருட்டில். இந்தப் படத்தில் மாருதி ராவ் வெளிச்சத்தைக் கஞ்சத்தனமாகத்தான் செலவு செய்திருக்கிறார்; முகத்தில் பாதி, சுவரில் ஜன்னல் கம்பி நிழல். டியூப்லைட்டுக்குக் கீழே போனில் பார்த்தால் கறுப்பு எல்லாம் சாம்பலாகிவிடும். நடுவில் எழுந்து போகக் கூடாது, ஒரு சாட்சியைத் தவறவிட்டால் அடுத்தவர் சொல்வது புரியாது. அல்வாவைப் படம் முடிந்தபின்தான் எடுப்போம். நெய்க் கையோடு ரிமோட்டைத் தொட்டால் யார் நடுவில் நிறுத்தினார்கள் என்று கைரேகை பார்த்தே சொல்லிவிடலாம், விசாரணை இல்லாமல்.

இதே மாதிரி பாலசந்தர் வேறு படம் எடுத்தாரா?

‘அவனா இவன்’ (1962), ‘பொம்மை’ (1964), ‘நடு இரவில்’ (1970). கடைசியில் சொன்னது அகதா கிறிஸ்டி கதையை ஒட்டியது. பெரிய பங்களாவில் ஒவ்வொருவராகச் சாவார்கள். ‘பொம்மை’யில் பாட்டு உண்டு, யேசுதாஸ் தமிழுக்கு வந்ததே அதில்தான். விறுவிறுப்பில் ‘பொம்மை’யை முதலில் வைப்பேன். அதைத் தெரிந்த பிறகும் வருஷாவருஷம் நான் போடுவது ‘அந்த நாள்’தான். பாலசந்தர் காலமானது 1990 ஏப்ரல் 13. படம் வெளியான அதே தேதி.

அன்று உங்களுக்கு முடிவு சொன்னவர்கள் யாராவது பிறகு படத்தைப் பார்த்தார்களா?

ஒருவர் பார்த்தார். போன வருஷம் மாடிக்கு வந்தார். படியேற முடியவில்லை, நாற்காலியோடு தூக்கி வந்தோம். கடைசிக் காட்சிவரை அசையவில்லை. வெளிச்சம் போட்டதும் எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தோம்.

“இது வேற பிரிண்டுலே” என்றார். “நான் பார்த்ததுல இப்படி இல்ல.”

அவர் யார் என்று சொல்ல மாட்டேன். சொன்னால், கொன்றது யாரில்லை என்று கண்டுபிடித்துவிடுவீர்கள்.